இருபது நிமிடத்துக்குப் பிறகு

சனிக்கிழமை காலை வகுப்பில் முதல் அரை மணி நேரம் ஓவியம் கிடையாது. டாக்டர் ஷாகிர் மட்டும்தான் உண்டு. அலெக்ஸாண்ட்ரியாவின் ஆகஸ்டுப் புழுக்கத்திலும் கழுத்தில் பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு, கலாச்சார மாளிகையின் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று பேசுவார். மற்ற மனிதர்கள் தெருவில் பேசுகிற பேச்சு அவருக்கு ஆகாது. வானொலியில் செய்தி வாசிக்கிற நடைதான்.

"நேரமில்லை என்று சொல்பவர் கலைஞர் அல்லர். ஒரு நாளில் இருபது நிமிடங்கள். இருபதே நிமிடங்கள்! ஆண்டு முடிவில் உங்கள் கை உங்களையே வியப்பில் ஆழ்த்தும்."

அவர் எதில் டாக்டர் பட்டம் வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. சமையலறைக் குழாய் எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்பதே அவருக்குத் தெரியாது என்று அவர் மனைவி ஒரு கண்காட்சியில் எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். இருபது நிமிடத்தில் ஒருவர் கலைஞராகிவிடலாம்தான், மிச்சமுள்ள இருபத்துமூன்று மணி நாற்பது நிமிடத்தை வேறு யாராவது பார்த்துக்கொண்டால்.

வகுப்பிலிருந்த பதினொரு பேரில் அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் இனாஸ் ஒருத்திதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிற வேலை. மொஹர்ரம் பே என்ற பகுதியில் நாலாவது மாடி வீடு. கணக்கு வாத்தியார்களை மேற்பார்வை பார்க்கும் கணவர் வகீஹ், பெரியவள் நெஸ்மா, அவளுக்குக் கீழே எந்நேரமும் பசிக்கிற இரண்டு பையன்கள்.

இருபது நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்று அவள் ஒரு வாரம் தேடினாள். கடைசியில் அது அடுப்பின் மேல் கிடைத்தது. சேமியாவைச் சிவக்க வறுத்து, அரிசியைப் போட்டு, தண்ணீர் வற்றியதும் தீயைக் குறைத்து மூடி போட்டுவிட்டால், இருபது நிமிடத்துக்கு அதை யாரும் திறக்கக் கூடாது. எங்கள் ஊரில் சோற்றுச் சட்டியின் மூடிக்கு இருக்கிற மரியாதை மனைவி சாத்திய கதவுக்குக் கிடையாது. "சோறு அடுப்புல இருக்கு" என்றால் வீடே ஒதுங்கிப்போகும்.

அந்த நேரத்தில் சமையல் மேடையோரம் நின்றபடியே வரைந்தாள். பூண்டு, கத்திரிக்காய், பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருள், சன்னலுக்கு எதிரே கொடியில் தொங்கும் அடுத்த வீட்டுக்காரர் பனியன். நாலு வருடம். இருபது நிமிடம் ஆனதும் பென்சிலைப் போட்டுவிட்டுத் தீயை அணைப்பாள். மறுநாள் புதுப் பக்கம், புதுக் கத்திரிக்காய். பதினான்கு நோட்டுகள் நிரம்பின. கை உண்மையாகவே தேறியது. கோட்டில் தயக்கம் போயிற்று. "இது என் முறையின் வெற்றி" என்று டாக்டர் ஷாகிர் அறிவித்தார்.

இதற்கு நடுவில்தான் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. நுண்கலைக் கல்லூரியில் மாலைப் பிரிவு ஒன்று இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. எண்ணெய் வண்ணம், உடலமைப்பு, எல்லாம் முறையாக. சேருவதற்கு ஒரு சோதனை: சுண்ணச் சிலையின் தலை ஒன்றை ஐந்து மணி நேரத்தில் வரைய வேண்டும். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஒரு வருடம் விண்ணப்பம் வாங்கினாள், சின்னவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. மறு வருடம் சோதனை நாளன்று நாத்தனாருக்குக் கல்யாணம். இப்போது அவளுக்கு நாற்பத்துநான்கு முடியப்போகிறது. இதை விட்டால் இல்லை.

வகீஹ் விண்ணப்பத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார், மாணவன் விடைத்தாளைப் படிப்பதுபோல.

"சாயங்காலம் நாலுலேர்ந்து எட்டா? வாரத்துல நாலு நாளா?"

"ஆமாங்க."

"ராத்திரிச் சாப்பாடு?"

"பண்ணி வெச்சுட்டுத்தான் போவேன்."

"நான் ஒண்ணும் கலைக்கு எதிரி இல்ல இனாஸ். எங்க பெரியப்பா மகனே பிடில் வாசிச்சவன். ஆனா இது பொதுத்தேர்வு வருஷம். அதை மறந்துடாத."

மறக்க விட்டால்தானே. எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளை பொதுத்தேர்வு எழுதுகிறது என்றால் அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தப் படிக்கட்டு முழுவதும் ஊரடங்கு. நெஸ்மாவுக்காகத் தொலைக்காட்சிக்குப் போர்வை போர்த்தப்பட்டது. கீழ்வீட்டுக்காரர் தன் மகளின் நிச்சயதார்த்தத்தை ஜூலைக்குத் தள்ளிவைத்தார். தனிப்பாட ஆசிரியர்கள் முறைவைத்து வந்தார்கள்: ஞாயிறு இயற்பியல், திங்கள் வேதியியல், செவ்வாய் அரபி இலக்கணம். சாப்பாட்டு மேசை அவர்களுக்கே. தேநீர், கேக், கைதுடைக்க வெள்ளைத் துண்டு.

வேதியியல் வாத்தியார்தான் ஒருநாள் மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்க இது வாடை?"

"டர்பன்டைனுங்க. எங்க அம்மா பெயின்ட் அடிப்பாங்க" என்றாள் நெஸ்மா, சுண்ணாம்பு அடிக்கிறவளைப் பற்றிச் சொல்வதுபோல.

"மூளையை மழுக்கிடும்மா. நான் சொல்றேன், வேதியியல்காரன்."

சனிக்கிழமை வகுப்புக்காக அவள் வாங்கிவைத்திருந்த வண்ணக்குழாய்கள் அன்றே மொட்டை மாடிக்கு, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்துக்குக் குடிபோயின. மே மாத வெயிலில் கல்லாயின. அவளுக்குப் பென்சிலும் சோறும் மிஞ்சின.

"அம்மா, இந்தப் பூண்டை வரையற நேரத்துக்கு உரிச்சிருந்தா முலுக்கியாக் கீரை ஆகியிருக்கும்" என்றாள் நெஸ்மா.

"நீ படிக்கிற லட்சணத்துக்கு வாய் வேற. போ உள்ள."

"நான் தண்ணி குடிக்க வந்தேன். தண்ணி குடிக்கவும் மேற்பார்வையா?"

ஆகஸ்டில் முடிவு வந்தது. எழுபத்தொரு சதவீதம். மருத்துவத்துக்கும் இல்லை, பொறியியலுக்கும் இல்லை. வீட்டில் இரண்டு நாள் துக்கம். விசாரிக்க வந்த நாத்தனார் காபியை உறிஞ்சியபடி, "அந்த வாடைதான். ஆரம்பத்துலேயே நான் நெனச்சேன்" என்றாள். எந்த மதிப்பெண்ணுக்கும் கதவடைக்காத வணிகவியல் நெஸ்மாவை ஏற்றுக்கொண்டது. நெஸ்மா அழுது முடித்து, முகம் கழுவி, சமையலறைக்கு வந்து நின்றாள்.

"நீயாவது எழுதும்மா உன் பரீட்சையை. இந்த வீட்லேர்ந்து ஒருத்தியாவது நெனச்ச எடத்துக்குப் போகட்டும்."

வகீஹுக்கும் மனம் இளகியது. தோல்வியில் பெருந்தன்மை காட்டுவது சில ஆண்களுக்கு ரொம்பச் சுலபம். சோதனைக்கு முந்திய நாள் எல்லோரையும் கூடத்தில் கூட்டி உரையாற்றினார்.

"நாளைக்கு அம்மாவோட நாள். யாரும் அவளுக்குப் போன் பண்ணக்கூடாது. வீடே இடிஞ்சாலும் சரி."

"பசிச்சா?" என்றான் சின்னவன்.

"கொஷரி வாங்கித் தரேன்."

"அப்போ இடியட்டும்பா" என்றான் பெரியவன். வகீஹ் மனைவியின் பக்கம் திரும்பி, "என்ன கலைஞரம்மா, போதுமா?" என்றார். இனாஸ் சிரித்தாள். அன்று அவளுக்கு உறக்கம்கூட நன்றாக வந்தது.

கல்லூரிக் கூடம் பெரியது. வாசலிலேயே போனை வாங்கி, பெயரெழுதி வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஏதோ ரோமானிய அரசனின் வெள்ளைத் தலை, மூக்கு நுனி லேசாக உடைந்தது. சுற்றிலும் முப்பது பலகைகள். ஆளுக்கு ஒரே தாள். ஒன்பது மணிக்கு மணி அடித்தது.

இனாஸ் கண்ணிலிருந்து தொடங்கினாள். கை பறந்தது. புருவம், மூக்கு, இறுகிய உதடு, சுருள்முடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அளந்துகொண்டே இருந்தாள். தாளில் மூன்றே கோடு போட்டிருந்தாள், அதுவும் மெலிசாக. பாவம், பயந்துவிட்டது என்று இனாஸ் நினைத்தாள். மேற்பார்வையாளர் இனாஸின் பின்னால் ஒரு கணம் நின்றார்.

"உயிர் இருக்கும்மா. நல்ல ஆரம்பம்."

ஆரம்பம். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபது. பென்சில் தானாகவே பலகையின் விளிம்பில் படுத்திருந்தது.

இனி என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. நாலு மணி நாற்பது நிமிடம்! வாழ்க்கையில் இவ்வளவு நேரத்தை யாரும் அவளுக்கு மொத்தமாகக் கொடுத்ததில்லை. நிழலை இன்னும் கொஞ்சம் கருப்பாக்கினாள். முடியில் ஒரு சுருள் சேர்த்தாள். பிறகு பார்த்தாள், காது உயரத்தில் இருந்தது. ஒரு விரற்கடை. வேகமாக வரைந்த படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்து மணி நேரம் பார்க்கப்போகிற படத்தில் அது கத்தும். காதை இறக்கினால் தாடை இறங்க வேண்டும், தாடை இறங்கினால் கழுத்து எங்கே போகும்? நாலு வருடத்தில் அவள் ஒரு தவறையும் திருத்தியதில்லை. திருத்த வேண்டிய வேளையில் சோறு வெந்துவிடும், மறுநாள் புதுப் பக்கம். ஆயிரத்துச் சொச்சம் முறை தொடங்கியிருக்கிறாள். ஒருமுறைகூட நடுவுக்குப் போனதில்லை.

அழித்தாள். அழித்த இடத்தில் தாள் பஞ்சாயிற்று. மறுபடி போட்டாள். உயிர் இருக்கிறது என்றாரே, அந்த உயிர் முதலில் கண்ணிலிருந்து போயிற்று, பிறகு உதட்டிலிருந்து. பதினொரு மணிக்கு அரசனின் தலை ஊறிய ரொட்டிபோல இருந்தது. பக்கத்துப் பெண்ணின் மூன்று கோடுகள் இப்போது பெட்டிகளாகி, பெட்டிகள் மண்டையோடாகி, அதன்மேல் மெதுவாகத் தோல் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அவசரமே இல்லை. அவளை யாரும் கூப்பிட்டுப் பழக்கியிருக்கவில்லை.

இனாஸின் காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. யாராவது "அம்மா" என்பார்கள், யாராவது சட்டை எங்கே என்பார்கள் என்று அது கூர்ந்து கிடந்தது. கூடத்தில் பென்சில் உரசுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை.

பதினொன்றரைக்குக் கால் மணி இடைவேளை. வாசலில் போனை வாங்கி வீட்டுக்குப் போட்டாள்.

"என்ன இனாஸ்? அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"இல்லங்க, இடைவேளை. அங்க ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. மொச்சையும் ரொட்டியும் கடைலேர்ந்து வந்துச்சு. தின்னாச்சு."

"சின்னவன் காலைல இருமினானே. காய்ச்சல் ஏதாவது அடிக்குதா?"

"அவனா? படியில பந்து விளையாடறான்."

"நெஸ்மா?"

"பாத்திரம் தேய்க்கறா. நம்பு! நான்தான் தேய்க்கச் சொன்னேன்."

"உங்களுக்குத் தலைவலி கிலைவலி..."

"கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் சுவரில் சாய்ந்தாள். "நான் வேணா இப்பவே கெளம்பி வந்துடட்டுமா? எதுக்கும் இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? யாருக்கும் நீ வேண்டாம் இன்னிக்கு. நிம்மதியா வரை. முழு நாளும் உன்னோடதுன்னு சொன்னேனா இல்லையா?" அவர் குரலில், ஒரு மனிதன் வாழ்நாளில் ஒருமுறை செய்கிற தியாகத்தின் பூரிப்பு இருந்தது. "சொல்லு, நான் சொன்ன வார்த்தையக் காப்பாத்தறவனா இல்லையா?"

"காப்பாத்தறவர்தான்."

"அப்போ வை போனை."

நாலு வருடமாக அவள் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருந்தாள்: என்னை மட்டும் விட்டிருந்தால். அலுவலகத்தில் முத்திரை குத்தும்போது அதுதான் துணை, நாத்தனார் காபி குடிக்கும்போது அதுதான் துணை. இன்று விட்டுவிட்டார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். முடித்தவர்கள் தாளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, அவளும்தான். வெறுமனே உட்கார்ந்திருப்பது தெரியாமலிருக்க, பென்சில் முனையைத் தாளில் படாமல் அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று.

இரண்டு மணிக்கு அவர் வரிசையாகத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். அவளுடையதைப் பார்த்தார். காலையில் நின்ற இடம் நினைவுக்கு வந்ததுபோல அவளையும் ஒருமுறை பார்த்தார். கீழ் மூலையை மட்டும் விரலால் தட்டினார்.

"பேர் எழுதலையேம்மா."

அவள் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் பாட்டனார் பெயரையும், அலுவலகத்தில் எழுதுகிற அதே தெளிவான கையெழுத்தில், எழுதிக் கொடுத்தாள்.