இரும்பின் இடுப்பு

இரும்பு என்று பெயர் வாங்கிய அந்த மனிதருக்கு இடுப்பில் ஒரு விரல் பட்டால் போதும், பாதி உயிர் போய்விடும். வலியால் அல்ல, கூச்சத்தால். சண்டைப் படங்களில் ஒரு படையையே ஒற்றை ஆளாகச் சாய்க்கிற நாயகன்தான். ஆனால் யாராவது விலாப் பக்கம் கையைக் கொண்டுவந்தால், "கீ...ஈ!" என்று கத்திக்கொண்டு துள்ளிக் குதித்துவிடுவார். இந்த விஷயம் அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும். துணி தைக்கிறவருக்குக்கூடத் தெரியாது. அளவெடுக்க வந்தவரிடம், "கண்ணாலயே அளந்துக்கோங்க, சட்டை தொளதொளன்னு இருந்தாதான் எனக்குச் சண்டை வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தத் தொளதொள சட்டைக்கும் மவுசு வந்துவிட்டது. ஊரில் இருக்கிற ஒல்லிப் பிள்ளைகள் எல்லாம் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு அலைந்தார்கள்.

அவருடைய சண்டை முறை பிறந்ததும் அந்த இடுப்பில்தான். முதல் படத்தின் முதல் சண்டையில், அடி வாங்க வந்த ஆளின் கை தெரியாத்தனமாக அவர் விலாவில் உரசியது. "கீ...ஈ!" என்று அலறிப் பின்னால் பாய்ந்தவர், இன்னொருவன் கிட்டே வந்துவிடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் விசிறி மாதிரி சுற்றினார். சுற்றி நின்றவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே விழுந்தார்கள். சண்டை மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார்.

"அடேயப்பா! இது என்ன முறைங்க?"

"காத்தாடி முறை" என்றார், அந்த நொடியில் வாயில் வந்ததை.

அன்றிலிருந்து அவர் யாரையும் தொட்டதில்லை, அவரையும் யாரும் தொட்டதில்லை. இதில் அடி வாங்கும் ஆட்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. அடி மேலே படாவிட்டால் எப்போது விழுவது? அவர்களில் மூத்தவர் பஞ்சு. மாடியிலிருந்து விழுந்தாலும் சத்தமில்லாமல் விழுவார் என்பதால் அந்தப் பெயர். அவர்தான் சட்டம் போட்டார். "அண்ணன் வாயிலேருந்து சத்தம் வந்தா விழு. எதுக்கு, ஏன்னு கேக்காதே. விழு." வருஷக்கணக்கில் அப்படியே விழுந்து விழுந்து அது அவர்கள் உடம்பில் ஊறிப்போய்விட்டது. ஒருமுறை இரும்பு சாப்பாட்டு மேஜையில் தும்மினார். எதிரே இரண்டு பேர் தட்டோடு மல்லாந்துவிட்டார்கள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தயாரிப்பாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிடும்வரை.

மேஜையின் மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. தயாரிப்பாளர் அதைத் திறக்கவில்லை. ஓரத்தில் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா உங்கமேல யாரும் கை வைக்கலை. ஜனங்க என்ன கேக்குறாங்க தெரியுமா? தொட்டுப் பார்த்தாத்தானே இரும்பா தகரமான்னு தெரியும்கிறாங்க."

"தகரமா?"

"நான் சொல்லலைங்க, ஜனங்க சொல்றாங்க. அதனால கடைசிச் சண்டைக்கு உடும்பைப் பேசியிருக்கேன்."

இரும்பின் கை தானாகப் போய் இடுப்பைப் பொத்திக்கொண்டது. உடும்பு என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் இல்லை. இளைஞன், தோள் இரண்டும் பாறை. அவனுடைய முறை ஒன்றே ஒன்றுதான்: எதிராளியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்வான், படம் முடிகிறவரை விடமாட்டான்.

"அவன் உங்களைப் பிடிக்கிறான். கேமரா தண்டவாளத்துல உங்களைச் சுத்தி வருது. வெட்டே இல்லை, ஒரே ஷாட். நீங்க புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சு அவன் பிடியிலேருந்து வெளியே வரணும். வந்துட்டா அடுத்த படமும் நீங்கதான் நாயகன்."

"வரலைன்னா?"

தயாரிப்பாளர் பெட்டியைத் திறந்தார். உள்ளே வேஷத்துக்கு வைக்கிற வெள்ளைப் பொய்முடி ஒன்று, முயல் தூங்குகிற மாதிரி சுருண்டு கிடந்தது.

"உடும்போட அப்பா வேஷம். நல்ல வேஷம்தான். முதல் காட்சியிலேயே நிம்மதியாச் செத்துடலாம்."

அந்தத் தொழிலில் வெள்ளை முடியை ஒரு தடவை தலையில் வைத்தவன் மறுபடி சண்டைக்கு வந்ததே கிடையாது. இரும்புக்கு அது தெரியும். ஒரு காலத்தில் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சண்டை போட்டு 'ஒற்றைக்கை' என்று பெயர் வாங்கியவர், இப்போது படத்துக்குப் படம் கட்டிலில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் அறையில் வேலை. நாள் முழுக்க ஊரார் வயிற்றில் பசை தடவிக் கருவியை ஓட்டுகிறவள்.

"ப்பூ, இதுதானா? சட்டையைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"பழகணும்ல. நான்தான் உடும்பு. வாங்க."

அவள் ஒரு விரலை நீட்டினாள். விரல் இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது, அதற்குள் இவர் "கீ...ஈ!" என்று சோபாவின் பின்னால் போய் விழுந்தார். கரண்டிக் காம்பால் தொட்டுப் பார்த்தாள். தலையணையை நடுவில் வைத்துப் பார்த்தாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "ஏதாச்சும் நல்ல சேதியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"இந்த வயசுல என்ன நல்ல சேதி வரப்போகுது" என்று முணுமுணுத்தபடி கதவைச் சாத்திய மனைவி, திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்ககிட்டயும் கூச்சக்காரங்க வருவாங்க. கருவியை வெச்சதும் மீன் மாதிரி துள்ளுவாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொல்லுவேன். உங்க கையை என் கை மேல வைங்க. அவ்வளவுதான். தன் கையும் கூட வந்தா உடம்பு ஏமாந்துபோயிடும், தானே தொடுற மாதிரி நெனைச்சுக்கும்."

வைத்துப் பார்த்தார். அவள் கை அவர் இடுப்பில், அவர் கை அவள் கைமேல். உதடு துடித்தது, மூக்கு விடைத்தது, ஆனால் சிரிப்பு தொண்டையோடு நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் அவள் கை நிலைத்து நின்றது அன்றுதான்.

"இதுதான் உங்க புது முறை" என்றாள் அவள். "போய் அவன் கையைப் பிடிச்சுக்கோங்க."

உடும்போடு முன்னாலேயே ஒரு தடவை பழகிப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஸ்டூடியோவில் மோதப்போகிற இரண்டு நாயகர்கள் முன்கூட்டித் தொட்டுக்கொள்ளக் கூடாது. தொட்டால் பகை நமத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை. ஆளுக்கொரு மரத்தூள் மூட்டையைக் கொடுத்துத் தனித்தனி அறையில் விட்டுவிடுவார்கள். இரும்பு தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழகினார். மூட்டைக்குக் கையில்லை. அதனால் தன் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்துப் பழகினார்.

படப்பிடிப்பு நாள் வந்தது. பெரிய கிடங்கு மாதிரி செட். நடுவில் இரண்டு பேரும் நிற்க, அவர்களைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம். தண்டவாளத்துக்கு வெளியே பஞ்சுவும் அவர் ஆட்களும் தடியோடு நின்றார்கள். தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்திருந்தார், மூடியைத் திறந்து.

"ஆரம்பிக்கலாம்!" என்றார் மாஸ்டர்.

கேமரா சுற்ற ஆரம்பித்தது. உடும்பு வந்தான். இரும்பு கையை விரித்துத் தயாராக நின்றார். ஆனால் அவன் இடுப்போடு நிறுத்தவில்லை. கேமரா ஒரு சுற்று வந்ததும் அவன் முகம் வெளிறியது, கண் சொருகியது, மரத்தைக் கட்டிக்கொள்கிற மாதிரி இரும்பின் இரண்டு கைகளையும் சேர்த்து அப்படியே கட்டிக்கொண்டான். கைமேல் வைக்கக் கை இல்லை! பத்து விரல்களும் விலாவில் போய்ப் பதிந்தன.

இரும்பு வெள்ளை முடியை நினைத்தார். கட்டிலில் இருமுகிற ஒற்றைக்கையை நினைத்தார். பல்லைக் கடித்தார். காது சிவந்தது. ஒரு மனிதன் எவ்வளவுதான் தாங்குவான்?

"கீ...ஈ...ஈ!"

பஞ்சு விழுந்தார். அவரோடு அத்தனை பேரும் விழுந்தார்கள்.

"கிகிகிகீ!"

பாதி எழுந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள். இரும்பு சிரிக்கச் சிரிக்க அவர்கள் எழுந்து எழுந்து விழுந்தார்கள். ஒருவன் செட்டுச் சுவரைத் தள்ளிக்கொண்டு விழுந்தான். சுவருக்குப் பின்னால், இந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பக்கத்து செட்டில் பிரியாவிடைக் காட்சியில் நின்றிருந்த இரண்டு பேர், அவர்களும் முன்பு அடி வாங்கிப் பழகியவர்கள்தான், மாலையோடு விழுந்தார்கள்.

"டேய், விடுடா!" என்று சிரிப்புக்கு நடுவே கெஞ்சினார் இரும்பு.

"முடியாதுண்ணே!" என்று அவர் காதில் அழுதான் உடும்பு. "விட்டா விழுந்துடுவேன்!"

"கிகீ... என்னது?"

"சின்ன வயசுல காதுல சீழ் வெச்சுதுண்ணே. அதுலேருந்து அடிக்கடி தலை சுத்தும், எதையாவது பிடிக்காட்டி நிக்க முடியாது. அந்த கேமராவை யாராவது நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"

இரும்பு அசந்துபோய்ச் சிரிப்பை ஒரு கணம் நிறுத்தினார். அந்த ஒரு கணத்தில் கால் இடறி இருவரும் சேர்ந்தே சாய்ந்தார்கள். விழுகிற வேகத்தில் அவர் கடைசியாக ஒரு "கீ!" போட்டார். பஞ்சு பின்னால் பார்க்காமல், தொழில் சுத்தமாக, நேராகத் தயாரிப்பாளரின் முக்காலிமேல் போய் உட்கார்ந்தார். பெட்டி அப்பளமாக நொறுங்கியது. அவர் எழுந்தபோது வெள்ளை முடி தரை துடைக்கிற துணி மாதிரி கந்தலாகி அவர் பின்பக்கம் தொங்கியது.

மாஸ்டரின் தொப்பி மேலே பறந்தது.

"தொடாமலே அடிச்சாரு, அது பழசு! இப்போ கட்டிப் போட்டாலும் சிரிச்சே சாய்க்கிறாரே! இதுக்கு என்ன பேருங்க?"

தரையில் கிடந்த இரும்பு உடும்பைப் பார்த்தார். உடும்பு கண்ணால் கெஞ்சினான்.

"இரட்டை முறை" என்றார் அவர். "ஒத்தை ஆளா வராது. இவன் பிடிச்சாத்தான் வரும்."

தயாரிப்பாளர் கந்தலைக் கையில் எடுத்துப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். "அடுத்த படம் ரெண்டு பேரும் நாயகன்" என்று சொல்லிவிட்டு அதைக் குப்பைக்கூடையில் போட்டார்.

அந்தப் படம் வந்த பிறகு மற்ற நாயகர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் பாவமாக இருக்கும். மலை மாதிரி உடம்பு வைத்தவர்கள் எல்லாம் வீட்டில் சட்டையைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிச்சுக்கிச்சு மூட்டேன், வருதான்னு பார்ப்போம்" என்று பெண்டாட்டியிடம் கெஞ்சினார்களாம். வரவில்லை. வரம் வாங்கி வந்தவனுக்குத்தான் வரும்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் செட்டை விட்டுக் கிளம்பும்போது உடும்பு மேக்கப் அறை மாடிப்படியின் மேல்படியில் கதவு நிலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அந்தப் படிக்குக் கைப்பிடி கிடையாது. இத்தனை நாளும் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கியிருக்கிறான் பிள்ளை.

இரும்பு பக்கத்தில் போய் நின்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சுக்கோடா."

"அண்ணே, உங்களுக்குத்தான்..."

"பிடிடா, மனசு மாறறதுக்குள்ள."

அவன் ஒரு கையால் அவர் இடுப்பைப் பிடித்தான். அவர் தன் கையை அவன் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். மனைவி சொன்னது பலித்தது. உதடு துடித்ததே தவிர, சத்தமில்லை. படிப்படியாக இறங்கினார்கள். கடைசிப் படியில் உடும்பு, "ரொம்ப நன்றிண்ணே" என்று விரலைக் கொஞ்சம் இறுக்கினான்.

"கீ."

சின்னதுதான், எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி. கீழே சுவரோரம் டீ குடித்துக்கொண்டிருந்த பஞ்சுவும் அவர் ஆட்களும் கிளாஸோடு விழுந்தார்கள்.