சர்வதாரி வருஷத்தில் ரொட்டி பதினான்கு சென்ட்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பார்சிப்பனியில் ஒரு வாழ்த்து அட்டைக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் சுழலும் கம்பி ஸ்டாண்டில் கிடைத்தது. அந்த ஸ்டாண்டில் 1930 முதல் 1969 வரை ஆண்டுக்கொன்றாக உள்ளங்கை அகலப் புத்தகங்கள் செருகியிருக்கும். பிறந்தநாள் வரும் கிழவருக்கு அவர் பிறந்த ஆண்டின் புத்தகத்தை வாங்கித் தர வேண்டும். ரொட்டி என்ன விலை, பால் என்ன விலை, என்ன படம் ஓடியது, யார் ஜனாதிபதி என்றெல்லாம் அதில் இருக்கும். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பதினான்கு சென்ட்டுக்கு ரொட்டி விற்ற செய்தியைத் தெரிந்துகொள்ள இரண்டே முக்கால் டாலர், வரி தனி.

கதையை இப்படித்தான் தொடங்கினேன்: "ஒரு காலத்தில் அமெரிக்காவில் எல்லாரும் மகிழ்ச்சியாக இரு

அடித்துவிட்டேன். அந்த வேலையைப் புத்தகமே செய்கிறது.

அடுத்த தொடக்கம்: "கஸ்தூரிரங்கன் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு ஆண்டு தாமதமாக வந்தார்." இது நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போதே சொல்லிவிட்டால் நாலாம் பகுதியில் எனக்கு வேலை இருக்காது. சொல்லியும்விட்டேன். போகட்டும்.

2

கலாவதிக்குப் பதினேழு வயது. அந்தக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். பதிமூன்றாவது வயதில் நங்கநல்லூரிலிருந்து வந்தவள். அமெரிக்கப் பள்ளியில் வாயைத் திறந்த முதல் வாரமே வகுப்பு சிரித்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். பதினாறு முடிந்ததும் பள்ளிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எட்டு வாரம் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பொது நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். பள்ளியிலிருந்து கடிதம் வந்தபோது அவள் அப்பா கஸ்தூரிரங்கன் சொன்னது ஒரே வாக்கியம். "எட்டு வாரம் பொய் சொல்லிருக்கே." அதை அவர் இந்த ஓராண்டில் ஏழு முறை சொல்லியிருக்கிறார்.*

* ஒரு பெண் எழுதினால் அது அவள் சொந்தக் கதைதான் என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் முடிவு கட்டிக்கொள்ளலாம். தடுக்கமாட்டேன். எண்ணியது கலாவதி.

வெளியாரிடம் அவள் பள்ளியை விட்டதை யாரும் சொல்லவில்லை. "ஹோம் ஸ்கூலிங் பண்றா" என்றாள் அம்மா அபயாம்பாள். கடையில் நிற்பது "இன்டர்ன்ஷிப்". மளிகைக் கடையில் யாராவது ஆன்ட்டி கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால், அபயாம்பாள் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு காகிதங்களைக் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஒன்று மே மாதக் க்ரீன் கார்டு இன்டர்வியூவுக்கான கடிதம், நால்வர் பெயரும் போட்டது. மற்றொன்று ஜூன் பதினொன்றாம் தேதி சென்னைக்கு ஒரு டிக்கெட், கலாவதி பெயர் மட்டும் போட்டது. சித்தப்பா வீட்டில் தங்கி ப்ளஸ் டூ தனியாக எழுத வேண்டும். அப்புறம் "பார்க்கலாம்". அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்குப் போக விருப்பமில்லை. இந்தக் கதையில் நடக்கவேண்டியது இது ஒன்றுதான்: அந்த டிக்கெட் ஃபிரிட்ஜிலிருந்து இறங்க வேண்டும். மற்றதெல்லாம் ரொட்டி விலை.

3

கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் கலாவதி ஸ்டாண்டைச் சுழற்றி நாற்பது புத்தகங்களையும் படித்து முடித்திருந்தாள். அமெரிக்காவின் சரித்திரம் அவளுக்கு அப்படித்தான் தெரியும், டஜன் முட்டையும் காலன் பெட்ரோலுமாக. 1950-ல் கொரியாவில் போர் தொடங்குகிறது. அது ஒரு வரி. அதற்கு மேல் வரி வெண்ணெய், கீழ் வரி சினிமா டிக்கெட். புது வீட்டின் விலை இருக்கிறது. அந்த வீட்டை யாருக்கெல்லாம் விற்கமாட்டார்கள் என்பது இல்லை. வரவேற்பறையில் டெலிவிஷன் வந்து உட்கார்ந்த சந்தோஷம் இருக்கிறது. அந்த நாளில் மொத்த இந்தியாவிலிருந்தும் ஆண்டுக்கு நூறு பேர்தான் இங்கே குடியேறலாம் என்ற சட்டம் இல்லை. அதை அவள் நூலகத்தில் படித்தாள், பொய் சொன்ன எட்டு வாரங்களில்.

இதையெல்லாம் அவள் கறுப்பு வெள்ளைப் புள்ளி அட்டை போட்ட நோட்டுகளில் தமிழில் எழுதிவைத்தாள். ஒன்பது நோட்டு ஆகிவிட்டது. பேஸ்மென்ட்டில் கொலு பொம்மைப் பெட்டிக்குள், செட்டியார் பொம்மைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியை வருஷத்துக்கு ஒரு முறைதான் திறப்பார்கள். நவராத்திரிக்கு முந்தின நாள் நோட்டுகள் அவள் மெத்தைக்கு அடியில் குடிபோகும்.

[இங்கே ஜோவானா என்று ஒரு சக ஊழியையை வைத்திருந்தேன். கலாவதியை அவள் புரிந்துகொள்வாள், தோளில் கை போடுவாள். எடுத்துவிட்டேன். புரிந்துகொள்கிற அமெரிக்கத் தோழி புத்தகங்களில் மலிவாகக் கிடைப்பாள், பதினான்கு சென்ட்டுக்கு. கடையில் கிடைக்கவில்லை.]

4

அந்த 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் கஸ்தூரிரங்கனுக்கு ஐம்பது முடிகிறது என்றார்கள். நம்மவர்கள் அறுபதுக்குத்தான் கொண்டாடுவார்கள். ஆனால் ஆபீஸில் அவரைக் 'காஸ்' என்று கூப்பிடுகிற மேனேஜர் டென்னிஸ், ஃபிஃப்டி ஒரு பிக் டே என்று சொல்லிவிட்டார். டென்னிஸ் சொன்னால் வேதம். உடனே கம்யூனிட்டி ஹால் புக் பண்ணியாயிற்று. நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பை வாஞ்சிநாதன் அங்கிள் ஏற்றார். ஊரில் எந்த மைக்கையும் யாரும் அவரிடமிருந்து திரும்ப வாங்கியதில்லை.

"நம்ம கலாவதி அவ அப்பா பொறந்த வருஷத்து புக்கை ஸ்டேஜ்ல ரீட் பண்ணட்டும்! டென்னிஸும் என்ஜாய் பண்ணுவார். என்ன கலா, ஹோம் ஸ்கூலிங்ல ஸ்பீச்செல்லாம் உண்டோன்னோ?"

"உண்டு, உண்டு" என்றாள் அபயாம்பாள், கொத்தமல்லி கையில் இல்லாத குறையோடு.

அன்று சாயங்காலம் அபயாம்பாள் கடைக்குப் போன் பண்ணினாள்.

"உன் கடையில அந்த வருஷ புஸ்தகம் இருக்கோல்லியோ, அப்பாவுக்கு ஒண்ணு எடுத்துண்டு வந்துடு."

"எந்த வருஷம்மா?"

"அவர் சர்வதாரி, சித்திரை."

அபயாம்பாளுக்கு இங்கிலீஷ் வருஷம் நினைவில் நிற்காது. ஜாதகத்தில் உள்ளதுதான் கணக்கு. கலாவதி வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் அறுபது வருஷப் பெயர்களை விரலால் எண்ணினாள். இப்போது விக்ரம. பின்னோக்கி எண்ணினால் சர்வதாரி ஐம்பத்திரண்டாவதாக வந்தது. திரும்ப எண்ணினாள். ஐம்பத்திரண்டுதான். மறுநாள் 1948-ஆம் ஆண்டுப் புத்தகத்தை வாங்கிவந்து பொம்மைப் பெட்டியில் நோட்டுகளோடு வைத்தாள்.

சனிக்கிழமை கஸ்தூரிரங்கன் சீரியல் விளக்கு தேடி அந்தப் பெட்டியைத் திறந்தார். ஒன்பது நோட்டுகளையும் எடுத்து ஒதுக்கி வைத்தார். ஒன்றையாவது பிரித்துப் பார்க்கவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்தார்.

5

"கலா! கீழ வா." போனாள். "இதை யார் வாங்கச் சொன்னா?"

"அம்மாதான். சர்வதாரின்னு சொன்னா."

"உங்கம்மா வாயில பஞ்சாங்கத்தைக் கட்டி வச்சிருக்கு." குரலைத் தணித்துக்கொண்டார். "எங்கப்பா ஸ்கூல்ல சேக்கறச்சே ரெண்டு வருஷம் குறைச்சுப் போட்டார். சர்க்கார் வேலை கிடைச்சா ரிடையர்மென்ட் தள்ளிப் போகுமேன்னு. அந்தக் காலத்துல எல்லாரும் பண்றதுதான்."

"சர்க்கார் வேலை கிடைச்சுதா?"

"கிடைக்கலை."

"அப்போ பாஸ்போர்ட்ல, ஃபார்ம்ல எல்லாம் போட்டிருக்கறது பொய்யாப்பா?"

"பொய் இல்லடி. சர்டிபிகேட்."

இந்த இடத்தில் கலாவதி என்ன சொன்னாள் என்று மூன்று முறை எழுதினேன்.

முதல் முறை: "நான் எட்டு வாரம் பொய் சொன்னேன், நீங்க அம்பது வருஷமா சொல்றேள். டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்கோ." கைதட்ட வைக்கும் வசனம். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. பதினொரு மாதமாகக் கல்லாவில் நின்று 'ஹேவ் எ நைஸ் டே' தவிர ஒன்றும் பேசாத பெண் இப்படிப் பேசமாட்டாள். பேசியிருந்தால் அவளுக்கு நோட்டு எதற்கு?

இரண்டாம் முறை: அப்பா அழுதார். [இல்லை. அவர் விளக்குக்கு பல்ப் எரிகிறதா என்று பார்த்தார்.]

மூன்றாம் முறை, நடந்தது: "சரிப்பா" என்றாள்.

"இன்டர்வியூ முடியற வரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம். தேதி மாறித்துன்னா நாலு பேருமே பெட்டி கட்டணும், தெரியுமோல்லியோ? 1950 புக் ஒண்ணு எடுத்துண்டு வந்துடு. இதைத் தூக்கிப் போட்டுடு." படியேறப் போனவர் நின்றார். "டென்னிஸ்லாம் வருவார். பளிச்சுனு படி. முணுமுணுக்காதே."

1950-ஐ வாங்கிவந்தாள். 1948-ஐத் தூக்கிப் போடவில்லை.

6

கஸ்தூரிரங்கனை நான் சந்தேகிக்கிறேன், பாத்திரமாகத்தான். இவ்வளவு சுலபமாக இகழக்கூடிய மனிதரைக் கதையில் வைப்பது எழுதுகிறவளின் சோம்பேறித்தனம். அவருக்கு ஒரு நல்ல குணம் கொடுக்கலாமென்று தேடினேன். 1991-இலிருந்து ஐந்து வருஷம் தனியாக, மூன்று பேரோடு ஓர் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு, குடும்பத்தை வரவழைக்கக் காத்திருந்தார். அது உண்மை. அந்த ஐந்து வருஷத்தில் கலாவதிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். அதுவும் உண்மை. எல்லாக் கடிதத்திலும் இங்கே பால் என்ன விலை, ஆப்பிள் என்ன விலை என்றுதான் எழுதியிருந்தார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

[அந்தக் கடிதங்கள் முதல் நோட்டில் ஒட்டியிருக்கின்றன. பெட்டிக்குள் அவர் பிரித்துப் பார்க்காத ஒன்பதில் அதுவும் ஒன்று.]

7

ஹாலில் அறுபது பேர். ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் பீட்சா. டென்னிஸ் சந்தனத்தை எங்கே பூசுவது என்று தெரியாமல் மணிக்கட்டில் பூசிக்கொண்டிருந்தார். கஸ்தூரிரங்கன் பட்டு ஜிப்பாவில், கேக் கத்தியைப் பிடித்தபடி. கேக்கில் 50.

"அடுத்து," என்றார் வாஞ்சிநாதன், "நம்ம ஹோம் ஸ்கூலிங் டாப்பர்! இவர் பொறந்தப்போ அமெரிக்கா எப்படி இருந்துதுன்னு சொல்லப் போறா. அப்போ இவர் எங்க இருந்தார்னு கேக்காதீங்கோ, தொட்டில்ல இருந்தார்!"

சிரித்தார்கள். கலாவதியின் பத்து வயதுத் தங்கை தீக்ஷா முன்வரிசையிலிருந்து கத்தினாள்: "லவுடா பேசு கலா, நோ ஒன் கேன் ஹியர் யூ!" கலாவதி இன்னும் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

கலாவதி மேடையேறினாள். கையிலிருந்த புத்தகத்துக்குத் தங்கக் காகிதம் சுற்றியிருந்தாள். அட்டையில் என்ன ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவர் ஒருவர்தான். அவர் கத்தியோடு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேஸ்மென்ட்டில் அவர் 1948-ஐப் புரட்டியிருக்கிறார். அதில் மூன்றாவது வரியில் இந்தியா வருகிறது, ஒரே ஒரு முறை: காந்தி சுடப்பட்டார். அதற்கடுத்த வரி காப்பித்தூள். அந்த வரியைப் படித்தால் ஹாலில் இருக்கும் எந்த இந்தியருக்கும் எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே குடியேற்றத் துறை ஆள் யாரும் இல்லைதான். கஸ்தூரிரங்கனின் பயத்துக்கு ஆள் தேவையில்லை.

கலாவதி மைக்கைப் பிடித்தாள். நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக இத்தனை பேருக்கு முன் வாயைத் திறந்தாள். இங்கிலீஷில் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"ரொட்டி, பதினான்கு சென்ட்."

டென்னிஸ் "ஆஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார். அறுபது பேரும் கைதட்டினார்கள், அந்த ரொட்டியை ஒரு நாளும் தின்றிராத அறுபது பேரும்.

இரண்டு புத்தகத்திலும் முதல் வரி அதுதான்.

8

இங்கே நிறுத்துகிறேன். முடிவுகளை எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சகிக்கவில்லை. 1950 என்றால் கைதட்டலும் கேக்கும், ஜூன் பதினொன்றும். 1948 என்றால் ஒருவேளை அந்த டிக்கெட் இறங்கும், ஒருவேளை அதோடு இன்னும் மூன்று டிக்கெட் ஏறும். அவளுக்கு அது தெரியும். கைகழுவுவதாக நினைக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொல்லப்பட்ட பெண்ணின் வாயில் நானும் ஒரு வரியைத் திணிக்கப்போவதில்லை.

அடுத்த வரி பெட்ரோல். ஒன்றில் பதினாறு சென்ட், இன்னொன்றில் பதினெட்டு. அவள் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கேக் கத்தி அந்தரத்தில் நின்றது. எட்டு வாரம், ஏழு முறை. பிரிக்காத ஒன்பது நோட்டு. அவர் உதடு மட்டும் அசைந்தது. "ப்ளீஸ்டி" என்றாரா, "பளிச்சுனு" என்றாரா, அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.

இரண்டு சென்ட்தானே என்று நினைப்பவர்கள் வாஞ்சிநாதன் பக்கத்தில் போய் உட்காருங்கள், கேக் வரும். மற்றவர்கள் இங்கே வாருங்கள். தங்கக் காகிதத்தை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

"பெட்ரோல், காலன்