கம்பெனி ஃபிரிட்ஜ்

அந்தத் தெருவில் கோலாவை முதலில் நிறுத்தியது ஜன்னத்துல் பிர்தௌஸ்தான். போர் நடத்தும் நாட்டோடு அந்தக் கம்பெனிக்குத் தொடர்பு உண்டு என்று வாட்ஸ்அப்பில் வந்த மறுநாளே, வாப்பாவிடம் சொல்லி, கடையிலிருந்த பாட்டில்களைத் திருப்பி அனுப்பினாள். கம்பெனி கொடுத்திருந்த ஃபிரிட்ஜும் கூடவே போனது. அதில் வேறு சரக்கு வைக்கக் கூடாது என்பது பேச்சு.

கோவில்பட்டி வெயிலுக்குப் பன்னீர் சோடாவை ஈரக் கோணிச் சாக்கால் மூடி வைத்தாள். நீர் ஆவியாகும்போது பாட்டில் குளிரும். படித்த இயற்பியல் அதற்காவது உதவியது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வராது.

எதிர்க்கடை முஹ்சினா பிறகுதான் நிறுத்தினாள். ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கம்பெனி பெயர்மேல் ‘இங்கே கோலா கிடையாது’ என்று தாள் ஒட்டி, உள்ளே பன்னீர் சோடா அடுக்கி, வீடியோ எடுத்துப் போட்டாள். கூட்டம் அங்கே போனது. கடைகளுக்குச் சோடா போட வரும் ஹம்தானும் போனான். முன்பெல்லாம் ஜன்னத் கடையில்தான் நின்று பேசிக்கொண்டிருப்பான்.

“முஹ்சினாவுக்கு என்னா தைரியம் பாத்தியா? தெருவுலயே முதல்ல நிறுத்துனது அவதான்” என்றான் ஒருநாள்.

“ம்” என்றாள் ஜன்னத்.

“ஏட்டி ஜன்னத்து!” எதிரேயிருந்து முஹ்சினா கத்தினாள். “ஒன் சோடாவுல டீ போடலாமாம்லா! இங்கன கொண்டா, குளிர வச்சுத் தாரேன்!”

ஹம்தான்தான் பலமாகச் சிரித்தான்.

அன்று மதியம் கோலா கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த காமராஜ் பைக்கை நிறுத்தினார்.

“நம்ம ஃபிரிட்ஜ்ல வேற சரக்கு வச்சு விக்குதாங்க. வீடியோவுல பாத்தேன். எந்தக் கடைம்மா?”

ஜன்னத்தின் கை எதிர்க்கடைப் பக்கம் நீண்டது.

சாயங்காலம் லோடு ஆட்டோ வந்தது. முஹ்சினா அழுவாள் என்று ஜன்னத் வாசலில் நின்றாள். முஹ்சினாவோ வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“கொண்டு போங்க ஒங்க ஃபிரிட்ஜை! நாங்க சுடச்சுடக் குடிச்சுக்கிடுதோம்!”

தெருவே கைதட்டியது. பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு சோடா வாங்கி, வெதுவெதுப்பாகவே குடித்தார்கள்.

மறுநாள் ஹம்தான் நேராக ஜன்னத் கடைக்கு வந்தான். சாக்கை விலக்கி ஒரு பாட்டிலைத் தொட்டான்.

“ஏயப்பா, சில்லுன்னு இருக்கே! நீயா கண்டுபிடிச்ச?”

ஜன்னத்துக்குக் காது சூடானது. தலையாட்டினாள்.

“இந்தச் சாக்கை இன்னைக்கு ஒருநாள் குடேன். பாவம், முஹ்சினாவுக்கு ஃபிரிட்ஜ் போயிட்டுல்லா.”

அவள் சாக்கை எடுத்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பிழிந்து, அவன் கையில் கொடுத்தாள்.