சிவப்பு கேட்டவள்

எல்லோரும் பச்சை வேண்டும் என்று கும்பிடுகிற ஆபீசில், இலோனா பெட்ரிஷின் ஒருத்திதான் அன்று சிவப்பு வேண்டும் என்று தவம் கிடந்தாள்.

கனடாவின் சஸ்கடூனில் ஆம்புலன்ஸ் அனுப்புவதற்கான மென்பொருள் செய்கிற கம்பெனி அது. இலோனா டெஸ்டிங் பிரிவில் இருந்தாள். சுவரில் டாஷ்போர்டு என்கிற பெரிய திரை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கட்டம். தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. நண்பகலில் எல்லாம் பச்சையாக இருந்தால் புது வெர்ஷன் தானாகவே மாகாணத்து ஆம்புலன்ஸ் நிலையங்களுக்குப் போய்விடும். ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவப்பைக் கண்டால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சோதனையை மறுபடி ஓட்டும் ரீ-ரன் பொத்தானை அமுக்குவார்கள், பச்சை வரும்வரை அமுக்குவார்கள். டாஷ்போர்டு கடைசி முடிவை மட்டுமே காட்டும். அதற்கென்ன தெரியும், பாவம்.

அன்று காலை முகவரிச் சோதனை சிவந்தது. மேனேஜர் ட்வெய்ன் ஃப்ரீசன் காபியைக் கீழே வைக்காமலே அமுக்கினார். பச்சை. இலோனாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கட்டத்தின் பழைய ஓட்டங்களின் பதிவுகளைத் தோண்டினாள். தோற்ற ஒவ்வொரு தடவையும் ஒரே கதை: இரண்டு அழைப்புகள் ஒரே கணத்தில் வந்து, ஒன்றின் முகவரி மற்றதில் ஏறியிருந்தது.

ட்வெய்னிடம் ஓடினாள்.

"இது டெஸ்டோட கோளாறு இல்ல ட்வெய்ன். நெஞ்சு வலின்னு ஒருத்தர் கூப்பிடுவாரு, வண்டி வேற யாரு வீட்டு வாசல்லயோ போய் நிக்கும்."

"அது ஆடுற டெஸ்ட்டும்மா. ஒரு தடவ தேறும், ஒரு தடவ தோக்கும், எப்பவுமே அப்படித்தான் ஆடும்."

"ஆடுறது டெஸ்ட் இல்ல. நம்ம புரோகிராம்."

"இலோனா, பண்டிகை லாங் வீக்கெண்ட் வருது. எல்லாரும் விருந்துக்கு வான்கோழிய ஊறப்போட்டுட்டு வந்திருக்காங்க. செவப்பா இருந்தா நானே அனுப்ப மாட்டேன். பச்சையா இருக்கே, என்னை என்ன பண்ணச் சொல்ற?"

நிறுத்தும் அதிகாரம் அவளுக்கு இல்லை. சிவப்புக்குத்தான் இருந்தது. சரி, அதையே வரவழைப்போம் என்று உட்கார்ந்து ரீ-ரன் அமுக்கினாள். பச்சை. மறுபடி அமுக்கினாள். பச்சை. வேண்டாதபோதெல்லாம் வந்து உயிரை வாங்கிய சனியன், வேண்டும் என்றதும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து மெஷினையும் இழுத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓட்டினாள். யாரோ ஒருவர் தரையில் விழுந்து கிடப்பதும், சைரன் சத்தம் வேறு தெருவில் கேட்பதும் மனசை விட்டுப் போக மறுத்தன.

"என்ன இலோனா, நல்லா இருக்கிற டெஸ்ட்டப் போட்டு இந்தக் குத்து குத்துற?" என்று பக்கத்து சீட்டில் இருந்த கோரி என்பவன் கிண்டலடித்தான். அவள் காதில் விழவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் அந்தக் கட்டம் சிவந்தது.

பெற்ற பிள்ளை பிழைத்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "ட்வெய்ன், செவப்பு. பாருங்க, செவப்பு வந்துடுச்சு."

ட்வெய்ன் போனில் யாருக்கோ பண்டிகை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாக மவுஸுக்குப் போனது. அவள் மேஜைகளைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அமுக்கிவிட்டார்.

பச்சை. மணி பன்னிரண்டு அடித்தது. 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. அறையே கைதட்டியது.

ட்வெய்ன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அன்பாகவே சிரித்தார். "பாத்தியா, சரியாயிடுச்சு. இதுக்குப் போயி இவ்வளவு பதறுறியே."

இலோனா சுவரைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை.

"வண்டி வராம ஒருத்தர் செத்துப்போனா," என்று கேட்டாள், "யாரு ரீ-ரன் அமுக்குவாங்க ட்வெய்ன்?"

அவர் அதற்குள் போனுக்குத் திரும்பிவிட்டார்.