நாலாவது ட்ராக்

என் கணவர் தாமதமாக வாசிக்கிறார் என்று முதலில் சொன்னவள் என் நாத்தனார். துணி அலமாரிக்குள் நின்றுகொண்டு சொன்னாள்.

எங்கள் ஸ்டூடியோ என்பது மாடியில் இருக்கும் சின்ன அறை. ஒரு சுவரில் பழைய மெத்தை சாய்ந்திருக்கும். எதிர்ச் சுவரில் ஆள் உயர மர அலமாரி. கோட்டும் போர்வையுமாகத் தொங்கும் அதற்குள் நின்று பாடினால் எதிரொலி இருக்காது. அதனால் நாத்தனார் பாடுவது அங்கேதான். அன்றைக்குப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, கதவைத் தள்ளித் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அண்ணா, நீ பின்னாடியே வர்றே."

என் கணவர் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மற்ற நேரமெல்லாம் பேஸ் கிட்டார். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே ஹோட்டல், கப்பல் என்று ஊர் ஊராக வாசித்தவர். ஒரு குழுவில் மற்றவர்கள் தடுமாறினால் சமாளித்துவிடலாம், பேஸ்காரர் தடுமாறினால் பாட்டே படுத்துவிடும். அவரைப் பார்த்துத் தாளத்துக்குப் பின்னால் வருகிறீர்கள் என்பது, சமையல்காரரிடம் உங்களுக்கு உப்பே தெரியவில்லை என்று சொல்வது மாதிரி. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் சரியாத்தான் வாசிக்கறேன். கம்ப்யூட்டர்ல டிலே இருக்கு. என் சத்தம் என் காதுக்கே லேட்டாத்தான் வருது" என்றார்.

அப்படி நடப்பது உண்டு. கம்பியில் விரல் பட்ட ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றிவிட்டு ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர ஒரு நொடிப்பொழுது பிந்தலாம். எனக்கோ எதையும் பழுதாக விட்டுவைக்கத் தெரியாது. ஒழுகுகிற குழாய் இருந்தால் தூக்கம் வராத ஜாதி நான். கம்ப்யூட்டரைக் குடைந்து, தேவையில்லாததையெல்லாம் நிறுத்தி, கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியிலேயே ஹெட்ஃபோனை நேரடியாகச் சொருகும்படி மாற்றி, அந்தத் தாமதத்தை ஒழித்துக்கட்டினேன். "இப்ப வாசிங்க பாக்கலாம்" என்றேன் பெருமையாக. அவர் அன்றைக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

மறுவாரம் பரணிலிருந்து பழைய நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரை இறக்கிக்கொண்டு வந்தார். சின்னப் பெட்டி அளவு இருக்கும். சாதாரண கேசட்டையே போடலாம், ஆனால் நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும். எங்கள் முதல் பாட்டுகளெல்லாம் அதில் பதிந்தவைதான்.

"இனிமே இதுலதான். டேப்ல ஒரு சூடு இருக்கு. கம்ப்யூட்டர்ல எல்லாம் செத்த சத்தம்" என்றார்.

"சூடு வேணும்னா அடுப்புப் பக்கத்துல உக்காந்து வாசிங்க" என்றேன். வயசு ஏற ஏற ஆண்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். அதே சமயத்தில் சட்டையை விட்டுவிட்டு, வேலைக்குப் போகாத நாளெல்லாம் டி-ஷர்ட்டே கதியென்று இருந்தார். ஒரு பக்கம் பழைய மிஷின், இன்னொரு பக்கம் இளமை திரும்புகிறது என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்த மிஷினில் பதிந்தோம். நாத்தனார் பாட்டு, நான் கீபோர்டு, அவர் பேஸ். மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ட்ரம்ஸை மட்டும் கம்ப்யூட்டரிலேயே சேர்ப்பது திட்டம். ஏற்றியபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. பழைய மோட்டார், தொளதொளத்த பெல்ட். கேசட் ஒரு இடத்தில் ஓடுகிறது, ஒரு இடத்தில் இழுக்கிறது. பல்லவியில் கைகோத்துப் போன பாட்டும் ட்ரம்ஸும் சரணத்தில் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயின.

அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "பழசு இல்லையா, அப்படி இப்படித்தான் ஓடும். அதான் அழகு. ட்ரம்ஸ் இல்லாமலே விட்டுடேன்" என்றார். உற்சாகமாகவே சொன்னார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள். இவை அவள் சொந்தமாக எழுதி மெட்டமைத்த ஐந்து பாட்டுகள், எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. மிஷின் கோளாறெல்லாம் இருக்கட்டும். அண்ணன் வாசிப்பு முன்ன மாதிரி இல்ல. பேஸையும் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாமா? அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க அண்ணன் வாசிப்புல ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்த ஓட்டை மிஷின் பண்ற வேலை. நான் நிரூபிச்சுக் காட்டறேன். அதுக்கப்புறம் பேசு" என்று போனை வைத்தேன். அவர் வாசிக்காத பாட்டு எங்கள் வீட்டில் பதிவாகப் போகிறதா? அவர் அந்த அறையில் எங்கே உட்காருவார்? நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

நிரூபிக்க வழி இருந்தது. நாலு ட்ராக்கில் மூன்றைத்தான் பயன்படுத்துகிறோம். நாலாவதில் கம்ப்யூட்டரின் தாளத்தை, வெறும் டிக் டிக் என்ற ஒலியை, முதலிலேயே பதிந்துவிடுவது. அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே நாங்கள் மூவரும் வாசிப்பது. பிறகு நான்கையும் ஒன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினால், கேசட் எங்கெங்கே இழுத்ததோ அங்கெல்லாம் அந்த டிக்கும் பிந்தியிருக்கும். ஒவ்வொரு டிக்கையும் பிடித்து அதன் இடத்தில் உட்கார வைத்தால், கூடவே மற்ற மூன்றும் இழுபட்டு வந்து சரியாக உட்காரும். பழைய மிஷினும் இருக்கும், கம்ப்யூட்டரும் இருக்கும், இரண்டும் ஒன்றாக நடக்கும்.

இதைச் சொன்னதும் அவர் பிடிவாதமாக மறுத்தார். "இருக்கறதே நாலு ட்ராக். அதுல ஒண்ணை டிக் டிக்குக்குத் தாரை வார்க்கணுமா? அதுல தங்கச்சியோட இன்னொரு குரலைப் போடலாம்."

"அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்."

"டிக் டிக் மத்த ட்ராக்ல கசியும்."

"சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் பதியறேன்."

"உனக்கு எதையும் சும்மா விடவே தெரியாதா?" என்றார். குரலில் அவ்வளவு கசப்பு இருந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, மிஷின் மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிந்தோம். நாத்தனார் கிளம்பிப் போனாள். அவர் குளிக்கப் போனார். நான் நான்கு ட்ராக்கையும் ஏற்றி, டிக்குகளை ஒவ்வொன்றாக இடத்தில் வைத்தேன். பொறுமையான வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை. முடித்துவிட்டுத் திரையில் ஒலிக்கோடுகளைப் பார்த்தேன். நாத்தனார் குரல் அழகாக வந்து உட்கார்ந்திருந்தது. என் கீபோர்டு, நான் வாசித்ததா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குப் பொருந்தியிருந்தது. பேஸ் மட்டும் தள்ளி நின்றது.

நான்தான் எங்கோ சொதப்பியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒயரை மாற்றிச் சொருகி மறுபடி ஏற்றினேன். பேஸ் இருந்த மூன்றாவது ட்ராக்கைக் கம்ப்யூட்டரின் முதல் வாசல் வழியாக அனுப்பிப் பார்த்தேன். எப்படி மாற்றினாலும் பேஸ் அதே இடத்தில் பிந்தியது. பாட்டின் தொடக்கத்தில் மயிரிழை. போகப் போகக் கூடுதல். சரணம் முடிகிற இடத்தில், வேகமான அந்த நடையில், சில சுரங்கள் பாதியாகத் தேய்ந்து, இரண்டு காணாமலே போயிருந்தன.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. நாலு ட்ராக்கும் ஒரே நாடாவில் இருக்கின்றன. ஒரே மோட்டார்தான் அதை இழுக்கிறது. இழுத்தால் நாலையும் சேர்த்துத்தான் இழுக்கும். மூன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிந்த வைக்க எந்த ஓட்டை மிஷினாலும் முடியாது.

நான் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் பரிசோதனை செய்கிறவள். வருகிறவர்களில் பாதிப் பேர் என்ன சொல்வார்கள் தெரியுமா? என் காது நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்பார்கள். டிவி சரியில்லை என்பார்கள். புது டிவி வாங்கிப் பார்த்துவிட்டு வந்தவர்கள்கூட உண்டு. அவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கூட வந்த மனைவியைப் பார்த்து, இத்தனை நாள் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன். என் வீட்டில் ஒரு மனிதர் கம்ப்யூட்டர் சரியில்லை என்றார், அதை நான் சரி செய்தேன். சரியாக ஓடாத மிஷினாகப் பார்த்துப் பரணிலிருந்து இறக்கினார், அதையும் சரி செய்தேன். அவர் ஒளிந்துகொள்ள ஒரு மூலை தேடியிருக்கிறார், நான் ஒவ்வொரு மூலையாக விளக்கைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன்.

டி-ஷர்ட் நினைவுக்கு வந்தது. அதில் பட்டன் கிடையாது.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் துண்டோடு அறைக்குள் வந்தபோது திரையை மூடிவிடத்தான் கை போனது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். அவருக்கும் அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியும்.

"டிக் டிக் வேணாம்னு சொன்னேன்ல" என்றார்.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து." கீபோர்டு முக்காலியில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். "மனசுல சரியான இடத்துலதான் விழுது. ஆள்காட்டி விரல்தான் வந்து சேர மாட்டேங்குது. முதல்ல தூக்கம் இல்லாம இருக்கும்னு நினைச்சேன். வேலையில ஸ்க்ரூ நழுவுது. கூட இருக்கறவனை முடுக்கச் சொல்லிடறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ உடனே சரி பண்ணக் கிளம்பிடுவே. இது சரி பண்ற விஷயமா இல்லேன்னா என்ன பண்றதுன்னு பயம். எனக்கு மட்டும் இல்ல, உனக்கும் சேத்துத்தான்."

கண் கலங்கினால் அவர் பேச்சை மாற்றிவிடுவார் என்று மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முக்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தார்.

"இப்படிப் பண்ணேன். என் சுரத்தையெல்லாம் ஒவ்வொண்ணா இழுத்துச் சரியான இடத்துல வெச்சிடு. விட்டுப்போனதை முதல் சரணத்துலேருந்து எடுத்து ஒட்டிடு. உனக்குத் தெரிஞ்ச வேலைதானே. தங்கச்சிக்குக்கூடத் தெரியாது."

ஒன்றை இழுத்துப் பார்த்தேன். டிக்குக்கு நேராக வந்து உட்கார்ந்தது. ஓட விட்டேன். அந்த ஒரு இடத்தில் பழைய ஆள் வந்து வாசித்துவிட்டுப் போனது போல் இருந்தது. மதியத்துக்குள் மொத்தத்தையும் முடித்துவிடலாம். நாத்தனார் வாயை அடைத்துவிடலாம். அடுத்த பாட்டிலும் அப்படியே செய்யலாம், அதற்கடுத்ததிலும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"இதை இழுத்துடலாம். காலையில சட்டை பட்டனை எந்த மவுஸ வெச்சு இழுக்கறது?" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏற்கெனவே துடைத்த முகம்தான். நான் இழுத்த அந்த ஒரு சுரத்தையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

நாத்தனாரிடம் நானே போனில் சொன்னேன். "நான் லேட்டுன்னுதானே அண்ணி சொன்னேன்" என்று அழுதாள். நீ சொன்னது நல்லது என்றேன், மனசாரத்தான் சொன்னேன்.

நரம்பு மருத்துவர் எங்களைவிடச் சின்னவர், அவசரம் இல்லாதவர். என் கணவரை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். பிறகு தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டிக் காட்டினார்.

"இதே மாதிரி, நல்லா விரிச்சு, வேகமா. நான் போதும்னு சொல்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருங்க. முதல்ல இடது கை."

இடது கை குறையில்லாமல் தட்டியது. வலது கையும் நன்றாகத்தான் தொடங்கியது. போகப் போக விரல் விரிவது குறைந்தது. ஒரு இடத்தில் நின்று, யோசித்து, மறுபடி தொடங்கியது.

"இன்னொரு தரம் பண்ணலாமா? வலது கை மட்டும்" என்றார் மருத்துவர்.

என் கணவர் மறுபடி தொடங்கினார். மறுபடி விரல் சுருங்கியது. அப்போது அவர் பார்வை தரைக்குப் போயிருந்தது. எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். என் செருப்பு தரையில் தட்டிக்கொண்டிருந்தது. எப்போது தட்டத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் தட்டிக்கொண்டிருந்தார். விரலும் கொஞ்சம் சுதாரித்திருந்தது. மருத்துவர் விரலை மட்டும் பார்த்து, பரவாயில்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

நான் காலை நிறுத்தினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் நாற்காலிக்கு அடியில் இரண்டு பாதங்களையும் பின்னிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முகத்தை மருத்துவர் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் விரலுக்கு வந்த வேகத்திலேயே தட்டிக் காட்டினார்.