டேப் ஒட்டிய சுவிட்சு

1.
இந்தக் கதை ஒரு சுவிட்சிலிருந்து வந்தது. ஓசூரில் ஒரு நகைப் பட்டறைக்குப் போயிருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் இருந்தது. அதை யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் என் கற்பனை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வரும்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: உமியோட்டில் நெருப்பு கனன்றது. கங்கப்பன் ஆசாரி ஊதுகுழலை வாயில் வைத்து... [சே! கண்காட்சியில் மாட்டும் அட்டை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

மறுபடியும். தென்காசிப் பக்கத்திலிருந்து சிப்காட் கம்பெனி வேலைக்கு வந்த பூபதி, மனைவி வீரலட்சுமியின் மோதிரத்தைச் சின்னதாக்கக் கொண்டுவந்தான். வேலை முடியும்வரை ஆசாரியின் கையையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்காருவது வழக்கம். கூட வந்த வீரலட்சுமியும் அவனும் அப்படியே உட்கார்ந்தார்கள். கங்கப்பன் மோதிரத்தை வெட்டினார், வெண்காரம் தடவி, உமி நெருப்பை ஊதி இரு முனைகளையும் பற்றவைத்தார், அரத்தால் ராவினார். வெட்டிய துணுக்கும் ராவிய தூளும் முன்னால் விரித்த காகிதத்தில் இருந்தன. திருப்பிக் கொடுக்க வேண்டிய தங்கம் அது.

பூபதிக்கு வேர்த்தது. எழுந்துபோய் ஃபேனைப் போட்டான்.

"ஃபேன் பேடா சார், பேடா! ஆஃப் பண்ணுங்க!" பதற்றத்தில் கங்கப்பனுக்குக் கன்னடம்தான் வந்தது.

காகிதம் பறந்தது. உமிச்சாம்பல் எழும்பி வாசல்வரை போனது. துணுக்கைக் காணோம்.

"கண்ணு முன்னாடியே அமுக்கிட்டியேய்யா!"

"அய்யோ, பறந்துபோச்சுங்க சார். சாம்பல அலசித் தேடித் தர்றேன், பொறுங்க."

"ஏங்க, நீங்கதான ஃபேனப் போட்டீங்க?" என்றாள் வீரலட்சுமி.

"நீ சும்மா இரு. யோவ், லுங்கி மடிப்ப அவுத்துக் காட்டு."

வாசலில் ஆள் கூடிவிட்டது. நாளைக்குத் தங்கத்தைக் கொண்டுவந்து கங்கப்பனிடம் கொடுக்க வேண்டியவர்களே அவர்கள்தான்.

3.
இதுவரை எழுதியதைத் தோழி சரிதாவுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"நல்லா இருக்குடி. ஆனா நெசமாவே அவர் எடுத்தாரா, இல்லியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனை உண்டாக்கியதே நான். எடுக்கவில்லை என்று சொல்வதும் நான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டுமாம்? ஃபேனைப் போட்டவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கங்கப்பனை டெய்லராக்கி எழுதிப் பார்த்தேன். துண்டுத் துணி பறந்தது, யாரும் அவர் மடியைத் தேடவில்லை. ஆசாரி என்றால் மட்டும் எல்லோருக்கும் கண் இடுப்புக்குப் போகிறது.

[நீங்களும் ஒருமுறை சந்தேகப்பட்டீர்கள். மழுப்பாதீர்கள்.]

4.
முடிவு ஒன்று: சாம்பலில் துணுக்கு கிடைக்கிறது. [வேண்டாம். கிடைத்தால்தான் யோக்கியனா?]

முடிவு இரண்டு: பூபதி மன்னிப்புக் கேட்டு... [எந்த ஊரில்?]

கங்கப்பன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு கை லுங்கி முடிச்சில் இருக்கிறது. வாசலில் ஒருவரும் நகரவில்லை. அதை அவிழ்க்கும் வரியை என் கை எழுதாது. அவர் எடுக்கவில்லை என்று கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டேன். இன்னமும் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, உங்கள் கையால் நீங்களே அவிழ்த்துப் பாருங்கள்.