ஒன்று கூட்டிச் சொன்னது

ரெனியின் விரல்களுக்குக் கிடைத்தது ஒன்பது. வாய் சொன்னது பத்து.

"ஃபுல்லி" என்றாள், கையுறையை உருவிச் சிவப்புத் தொட்டியில் போட்டபடி. லேபர் ரூமில் அந்த ஒற்றைச் சொல் போதும். கர்ப்பப்பையின் வாய் பத்து சென்டிமீட்டர் முழுதாகத் திறந்துவிட்டது, இனிப் பிள்ளை வரலாம் என்று பொருள். உண்மையில் முன்பக்கம் இன்னும் ஒரு விளிம்பு மிச்சமிருந்தது, சட்டைக் காலரின் மடிப்பு மாதிரி மெத்தென்று. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

இதைப் பொய் என்றால் அவளுக்குக் கோபம் வரும். சாலைக் கடைத்தெருவில் தோர்த்துத் துண்டும் கைலியும் மொத்தமாக விற்கும் நேசையனின் மகள் அவள். பள்ளி விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். சொல்லும் விலை வேறு, நிற்கும் விலை வேறு என்பது வாய்ப்பாட்டுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். நேசையன் இருநூறு என்பார். வந்தவர் நூற்றைம்பது என்று உதட்டைப் பிதுக்குவார். நூற்றெழுபதில் துணி கைமாறும்போது இருவர் முகத்திலும் ஜெயித்த களை இருக்கும். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் மறுபேச்சில்லாமல் இருநூறை எடுத்து நீட்டிவிட்டார். அன்று மத்தியானம் நேசையன் சரியாகச் சாப்பிடவில்லை.

யூனிட் சீஃப் பிரேமா மேடமும் பிறந்தது கோட்டயமானாலும் ஒருவகையில் சாலைக்காரிதான். பி.ஜி. மாணவிகளின் விரலை அவர் நம்பியதே இல்லை. ஏழு என்றால் ஆறு என்பார். ஐந்து என்றால் நாலு. தானே கைவிட்டுப் பார்த்தாலும் ஒன்று குறையும், பார்க்காமல் சொன்னாலும் ஒன்று குறையும். முதல் வருடம் ரெனி விரலுக்குப் பட்டதைப் பட்டபடி சொன்னாள். அவளுடைய ஆறு ஐந்தாகி, சார்ட்டில் நகராத பிரசவமாகி, இரண்டு பெண்கள் தேவையில்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்கள். அதன்பிறகு ஒன்று கூட்டிச் சொல்லத் தொடங்கினாள். மேடம் ஒன்றைக் கழித்தார். அளவு சரியாக வந்து நின்றது. அந்த யூனிட்டில் எல்லோருமே அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை மேடம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக நின்றவர் மகேஷ்குமார் சார். கண்ணூரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

ரெனிக்கு அந்த யூனிட்டில் அது கடைசி நாள். நாளை முதல் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை, அங்கே பி.ஜி.க்கு வாக்குவம் தரமாட்டார்கள். பிள்ளையின் தலையில் கிண்ணம் ஒட்டி இழுக்கும் அந்த வேலையைத் தன் கையால் ஐந்து முறை செய்ததாக அவளுடைய லாக் புக்கில் கையெழுத்து விழ வேண்டும். நான்குதான் விழுந்திருந்தது. இது தெரிந்த சக மாணவி ஆதிரா, காலை எட்டு மணிக்கே வியாபாரத்தைத் தொடங்கிவிட்டாள்.

"மூணாம் பெட் என் கேஸ். பிள்ளையோட ஹார்ட் ஒவ்வொரு வலிக்கும் தாழுது. கடைசில வாக்குவம்தான் ஆகும். உனக்குத் தரேன். பகரம் என்னோட ரெண்டு ஞாயிறு டூட்டி நீ பாக்கணும்."

"ஒண்ணு."

"ஒண்ணரை."

"அரை ஞாயிறு எங்க கெடைக்கும்டி?"

"உச்சப்பொழுது வரை நீ, அப்புறம் நான். சாலைக்காரிக்கு இது தெரியாதோ?"

முடிந்தது. மூன்றாம் கட்டிலின் மாடம்மாளுக்குத் தான் கைமாறிய செய்தி தெரியாது. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கழக்கூட்டத்தில் எழும்பும் ஒரு பதினெட்டு மாடிக் கட்டிடத்தில் புருஷன் பிச்சைக்கனி கம்பி கட்ட, ஏழாம் மாதம் வரை சிமெண்ட் சட்டி சுமந்தவள். வார்டில் தமிழ் பேசும் ஒரே டாக்டர் ரெனி என்பதால் அவளுடைய ஏச்சும் ரெனிக்கே விழுந்தது.

"எத்தன பேரு கைய வச்சுப் பாப்பீய? ஆளாளுக்கு ஒரு அளவு சொல்லுதீய. எங்க சைட்டுலயும் இதே கததான். கொத்தனாரு ஒண்ணு சொல்லுவாரு, எஞ்சினியரு ஒண்ணு சொல்லுவாரு, கடசீல இடிச்சிட்டு மறுபடி கெட்டுவாவ."

"ஒங்கள ஒண்ணும் இடிக்கமாட்டோம். கொஞ்சம் பொறுங்க, என்னா?" என்று சொல்லிவிட்டுத்தான் ரெனி கடைசியாகப் பரிசோதித்தாள். ஒன்பது கிடைத்தது, பத்து சொன்னாள், கழிக்கப்படுவதற்காகக் காத்திருந்தாள்.

மகேஷ்குமார் கழிக்கவில்லை.

"ஃபுல்லியல்லே? எந்நா வாக்குவம். ரெனி தன்னே செய்தோ" என்று அவளையே செய்யச் சொல்லி முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டார். தான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு டாக்டர் சொன்னால் அது அளவு என்று நினைக்கும் ஊரிலிருந்து வந்திருந்தார்.

இருநூறை எடுத்து நீட்டிய வெளியூர்க்காரரின் முகம் ரெனிக்கு நினைவு வந்தது.

நர்ஸ் உறையைக் கிழித்துக் கிண்ணத்தை நீட்டினாள். மானிட்டரில் பிள்ளையின் துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து தொண்ணூறுக்கு இறங்கி, அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு மனமில்லாமல் ஏறியது. கிண்ணத்தைத் தலையில் பொருத்தி, சுற்றிலும் விரலை ஓட்டினாள் ரெனி. அந்த விளிம்பு அங்கேதான் இருந்தது. அதுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் இழுக்கும்போது கிழியும். கிழிந்தால் ரத்தம் நிற்காது. அடுத்த வலியில் விரலால் அதை மேலே தள்ளிவிட்டு இழுக்கவும் செய்யலாம். செய்தவர்கள் உண்டு. சில சமயம் ஒன்றும் ஆகாது. ஐந்தாவது கையெழுத்து, ஒன்றரை ஞாயிறு, மூன்று நாளே பழகிய ஒரு சாருக்கு முன்னால் மானம் எல்லாம் அந்த 'சில சமயத்தில்' தொங்கின.

மாடம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன தாயி, நின்னுட்டீய?"

ரெனி கிண்ணத்தை வெளியே எடுத்தாள். "சார், ரிம் உண்டு."

"இப்பொழல்லே ஃபுல்லி எந்நு பறஞ்ஞது?"

"கூட்டிப் பறஞ்ஞதா சார்."

"எத்ர கூட்டி?"

"ஒந்நு."

மகேஷ்குமார் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆதிராவைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், மற்ற இரண்டு மாணவிகளைப் பார்த்தார். "இவிடெ எல்லாரும் கூட்டியாணோ பறயுந்நே?" எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஒரு வேலை இருந்தது. ஆதிரா காலியான சிரிஞ்சை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

வலியைக் கூட்ட ஏற்றிய டிரிப்பை நிறுத்தி, மாடம்மாளை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். தியேட்டருக்குச் சொல்லியனுப்பினார்கள். மகேஷ்குமார் மானிட்டரின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தொண்ணூறு. நூற்றுப்பத்து. நூற்று இருபது. அங்கே நின்றது. பதினேழு நிமிடம் கழித்து அவரே பார்த்து, "இப்போ ஃபுல்லி" என்றார். மாடம்மாள் நான்கு வலியில், யாருடைய கிண்ணமும் இல்லாமல், ஒரு பெண் பிள்ளையைத் தள்ளினாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு அழுதது.

"எடை எவ்வளவு தாயி?"

"ரெண்டு கிலோ எழுநூத்தி எண்பது."

"வெளிய அவுகட்ட மூணுன்னு சொல்லிருங்க. ஊருக்குப் போன் போட்டுச் சொல்லுவாவ. ரெண்டுன்னா எங்க மாமியா, புள்ளய பட்டினி போட்டுட்டேன்னு ஏசும்."

ரெனி வெளியே போனாள். பிச்சைக்கனி சிமெண்ட் படிந்த நகங்களோடு கைகட்டி நின்றிருந்தான். "ரெண்டு எழுநூத்தி எண்பது" என்றாள். அவன் போனில் "மூணு" என்று சொல்வது, அவள் கதவைத் தாண்டும் முன்பே கேட்டது.

உள்ளே மகேஷ்குமார் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழு கட்டில், ஏழு எண், எல்லாம் போயிற்று. "எல்லாம் ஒந்நூடெ நோக்கணம்" என்று, மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்லி, மார்க்கரை ரெனியிடம் கொடுத்தார். முதல் இரண்டு கட்டிலையும் பார்த்து எழுதினார்கள், மூன்றில் இனி அளக்க ஒன்றுமில்லை. உறையிலிருந்து பிரித்த கிண்ணம் உபயோகிக்காமலே ட்ரேயில் கிடந்தது. ஆதிரா கிட்டே வந்து, தணிந்த குரலில், "ஒண்ணரை ஞாயிறு அப்படியேதான். கேஸ் நான் தந்தேன், விட்டது நீ" என்றாள்.

நான்காம் கட்டிலுக்கு வந்தபோது பிரேமா மேடம் கூட்டம் முடிந்து நுழைந்தார். கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"எத்ர?"

ரெனியின் விரல்கள் அப்போதுதான் வெளியே வந்திருந்தன. ஆறு.

"ஆறு" என்றாள்.

மேடம் கட்டிலைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். "அஞ்சு. எழுது."

மகேஷ்குமார் கைகழுவும் தொட்டியருகே, குழாயைத் திறந்துவிட்டபடி, ரெனியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடியது. ரெனி மார்க்கரை எடுத்துப் பலகையில் வைத்தாள். முனை பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. கை அங்கேயே நின்றது.